மணிக்கூடு வலப்பக்கம்

ஒட்டுசுட்டான் கூட்டுறவு மண்டபத்தில்
மின்விசிறி மூன்று, சுழல்வது ஒன்று.
அதற்குக் கீழே எங்கள் எட்டாம் மேசை.
கறுப்பில் ஒரு சிப்பாய் தொலைந்து
பதிலுக்குச் சோடா மூடி ஒன்று நிற்கிறது.

எதிரே கபிலாஷ், பதினாறு வயது.
காயைப் பொத்திய முட்டி இரண்டையும் நீட்ட வந்தவன்
என் இடப்பக்கச் சட்டைக் கையைக் கண்டான்,
முழங்கைக்கு மேலே மடித்து ஊசி குத்தியிருப்பதை.
முட்டியை விரித்துவிட்டான்.
"நீங்கள் வெள்ளையை எடுங்கோ அன்ரி.
கறுப்பெண்டால் அரைவாசி தோத்த மாதிரி."

முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.
பெரிய ஆட்டக்காரரின் ஏடுகளைக் கூட்டிப் பார்த்தால்
நூறு புள்ளியில் வெள்ளைக்கு
ஐம்பத்துநாலோ ஐம்பத்தைந்தோ விழுகிறது.
எட்டாம் மேசைக்காரர் நாங்களோ
பன்னிரண்டாம் நகர்த்தலில் குதிரையைச் சும்மா கொடுப்பவர்கள்.
அந்த நாலைந்து புள்ளி
எங்களிடம் வந்து சேர்வதற்குள்
வழியில் எத்தனை பள்ளம்.

எனக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை.
முத்தையன்கட்டில் துருசு திறக்கிற நாளை
ஏட்டில் பதிவது நான்.
திங்கள் திறந்தால் தலைமடைக்குத் திங்களே தண்ணீர்,
கடைமடைக்கு வியாழன்.
ஒரு காலபோகம், முந்தி விதைத்த வயலையெல்லாம்
மழை வாரிக்கொண்டு போனது.
தண்ணீருக்குக் காத்துப் பிந்தியவர்கள் தப்பினார்கள்.
"பிந்தினதும் ஒரு யோகந்தான் பிள்ளை" என்று
அந்த ஒரு வருசக் கதையை
ஒவ்வொரு வருசமும் வந்து சொல்வார்கள்,
முந்தித் தண்ணீர் கேட்கும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே.
ஆறுதல் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.
முந்தினவன் முந்தினவன்தான்.

கறுப்பை எடுத்தேன்.

ரோசக்காரி என்று நினைத்திருப்பான்.
இல்லைத் தம்பி.
எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு:
முதல் அடி வெள்ளைக்கு,
மணிக்கூடு எந்தப் பக்கம் என்பது கறுப்புக்கு.
காயை நகர்த்திய கையாலேயே
மணிக்கூட்டையும் அமத்தவேண்டும்.
கறுப்புக்காரர் தங்கள் வலத்தில் வைப்பார்கள்,
அது வெள்ளைக்கு இடம்.
போன வருசம் மாங்குளத்தில் வெள்ளை எடுத்து
பலகைக்குக் குறுக்கே எட்டி எட்டி
கடைசி நிமிடத்தில் என் ராணியை நானே தட்டி விழுத்தினேன்.
அவளை நிமிர்த்தி வைக்கும் நொடிகளும்
என் கணக்கிலேயே ஓடின.

மணிக்கூட்டை வலப்பக்கம் இழுத்து வைத்தேன்.
கபிலாஷுக்கு அது இடம்.
கபிலாஷுக்கு இடக்கை இருக்கிறது.

ஐம்பது நகர்த்தல்.
இரண்டு ராசாக்களும் ஒதுங்கி நிற்க
மிஞ்சியது ஓட்டம்,
அவனுடைய சிப்பாயும் என்னுடைய சோடா மூடியும்.
மூடி ராணியாக ஒரு கட்டம் இருக்கும்போது
அவன் ராணி இறங்கியது.
ஒரே ஒரு அடி.

"பாத்தீங்களா?" என்றான்.
அவன் மணிக்கூட்டில் ஒன்பது நொடி,
என்னுடையதில் நாலு நிமிடம்.
அந்த ஒரு அடி
அவன் தொடக்கத்தில் வைத்த அடியா,
முப்பத்தோராம் நகர்த்தலில்
நான் பயந்து ராசாவைப் பின்னே இழுத்த அடியா?
ஏட்டை இரண்டு தரம் பார்த்தேன்.
எழுத்து என்னுடையதுதான்,
அது ஒன்றும் சொல்லவில்லை.

தேத்தண்ணீர் முடிந்து அடுத்த சுற்று.
எதிரே தபாற்கந்தோர் லோகிதன்.
அவர் காய்களைப் பொத்தமுன்
பேனையை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்த்தேன்.